பொறியியலும் சூழலியலும் சேர்ந்தால் வயலுக்கு நன்மை



பிளஸ் டூ தேர்வு முடிவு வெளிவரும் நாட்களில் பெற்றோர் பலர் மனத்தில் எழும் கேள்வி ஒன்று உண்டு. "என் மகள் சுற்றுச்சூழல் பொறியியல் படிக்க விரும்புகிறாள். சூழலியல் என்றும் ஒரு படிப்பு இருக்கிறதாம். இரண்டும் ஒன்றா, வேறா? எதைப் படித்தால் நல்லது?" என்பதே அது.

வேறொரு கேள்வி நகரங்களை அடுத்த கிராமங்களில் எழுகிறது. "நகராட்சியில் கழிவு நீரைச் சுத்தம் செய்து வாய்க்காலில் விடப் போகிறார்களாம். அந்த நீரை வயலுக்குப் பாய்ச்சலாமா, கூடாதா?" என்பது அது.

இவ்விரண்டு கேள்விகளும் வெவ்வேறு போலத் தோன்றினாலும் உண்மையில் ஒன்றோடொன்று பிணைந்தவை. உங்கள் வாய்க்காலுக்கு எத்தகைய நீர் வரும் என்பதை முடிவு செய்பவர்கள் இப்படிப்புகளைப் படித்து வெளிவருபவர்களே. அவர்கள் ஒன்றை மட்டும் படித்திருந்தால் என்ன நேரும், இரண்டையும் சேர்த்துப் படித்திருந்தால் என்ன நன்மை விளையும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இரு படிப்புகளும் கேட்கும் கேள்விகள்

சுற்றுச்சூழல் பொறியியல் என்பது குடிநீர், கழிவு நீர், குப்பை, புகை ஆகியவற்றைக் கையாளும் கட்டுமானங்களையும் இயந்திரங்களையும் பற்றிய படிப்பாகும். ஓர் ஊரில் நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் கழிவு நீர் வரும், அதற்கு எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும், எத்தனை குதிரைத்திறன் மோட்டார் வேண்டும், என்ன செலவாகும் என்பன போன்ற கணக்குகளை இது கற்பிக்கிறது.

சூழலியல் என்பது உயிர்களுக்கும் அவை வாழும் இடத்திற்கும் உள்ள உறவைப் பற்றிய படிப்பாகும். குளத்துப் பாசியை எது உண்கிறது, அதனை எது உண்கிறது, ஒன்று குறைந்தால் மற்றது என்னவாகும், மண்ணில் போட்ட பொருள் எங்கே போய்ச் சேரும் என்பன போன்றவற்றை இது ஆராய்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், குழாயின் வாயில் வெளிவரும் நீர் எப்படி இருக்க வேண்டும் என்று பொறியாளர் கேட்கிறார். அந்த நீர் கடைசியில் எங்கே போய்ச் சேரும், அங்கே என்ன செய்யும் என்று சூழலியலார் கேட்கிறார். முதல் கேள்விக்கு விடை கண்டுவிட்டு இரண்டாவதைக் கேட்காமல் விட்டால் அதன் நட்டம் பெரும்பாலும் கீழ்மடை விவசாயியின் தலையில்தான் விழுகிறது.

தொட்டிக்குள் வேலை செய்வது யார்?

கழிவு நீர் சுத்திகரிப்பு நிலையத்தை இயந்திரங்கள் நிறைந்த தொழிற்சாலை என்றே பலரும் எண்ணுகிறார்கள். மோட்டாரும் காற்றுக் குழாயும் இருப்பது உண்மைதான். ஆனால் நீரிலுள்ள அழுக்கை உண்டு தீர்ப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே. 1914-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் ஒரு முறையை வெளியிட்டனர். கழிவு நீருக்குள் காற்றைச் செலுத்தி, அடியில் தங்கும் கசடை வெளியே கொட்டிவிடாமல் மீண்டும் மீண்டும் பயன்படுத்தினால் நீர் விரைவில் தெளிவடைகிறது என்று அவர்கள் காட்டினர். அந்தக் கசடு முழுவதும் நுண்ணுயிர்க் கூட்டமே ஆகும். இன்று உலகெங்கும் நகரங்களில் மிகுதியாகப் பயன்படுவது இம்முறையும் இதன் வழி வந்த முறைகளுமே.

இதனை ஒரு மாட்டுத் தொழுவத்தோடு ஒப்பிடலாம். மாட்டிற்குத் தீவனமும் காற்றோட்டமும் வேண்டும். தீவனத்தில் சத்துகள் சரியான அளவில் இருக்க வேண்டும். நச்சுப் பொருள் கலந்துவிடக் கூடாது. நுண்ணுயிர்களுக்கும் இதே விதிதான். அழுக்கு 100 பங்கு இருந்தால் தழைச்சத்து 5 பங்கும் மணிச்சத்து 1 பங்கும் இருக்க வேண்டும் என்பது இத்துறையில் வழங்கும் கணக்கு. பயிருக்கு உரமிடும் உங்களுக்கு இது புதிதல்ல.

அழுக்கின் அளவை எப்படி அறிவது? அதனை உண்டு தீர்க்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு பிராணவாயு தேவைப்படுகிறது என்று அளக்கிறார்கள். இதற்கு உயிர்வேதிப் பிராணவாயுத் தேவை என்று பெயர். சுருக்கமாக பி.ஓ.டி. என்பார்கள். அழுக்கு மிகுந்த நீரை ஆற்றில் விட்டால், ஆற்று நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொண்டு விடும். மீன்கள் மூச்சுத் திணறி மடியும். எனவே ஆறு, ஏரி போன்ற நீர்நிலைகளில் விடும் நீரில் பி.ஓ.டி. லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கும், பாசனத்திற்காக நிலத்தில் விடும் நீரில் 100 மில்லிகிராமுக்கும் மேற்படக் கூடாது என்று நம் நாட்டின் பொதுத் தரவிதி வரையறுத்துள்ளது.

ஆகவே சுத்திகரிப்பு நிலையத்தை நடத்தும் பொறியாளர் அறிந்தோ அறியாமலோ ஓர் உயிர்க் கூட்டத்தை மேய்ப்பவரே ஆவார். உயிர்களின் தன்மை தெரியாமல் மோட்டாரை மட்டும் தெரிந்தவருக்கு நிலையம் திடீரெனக் கெட்டுப்போகும்போது காரணம் விளங்குவதில்லை.

நொய்யல் கற்பித்த பாடம்

ஒரு கேள்வி மட்டும் கேட்கப்பட்டால் நேரும் விளைவுக்கு நம் கண் முன்னே உள்ள சான்று நொய்யல் ஆறு. வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர் நகரங்களின் வழியே ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியுடன் கலக்கும் ஆறு இது. திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்திற்கென ஓர் அணை கட்டப்பட்டு 1992-இல் பயன்பாட்டிற்கு வந்தது.

அதே காலத்தில் திருப்பூரில் பனியன் தொழில் வேகமாக வளர்ந்தது. நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் ஏற்பட்டன. பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்குச் சாயத் தொட்டியில் உப்பு சேர்க்க வேண்டும். சாதாரண உப்போ அல்லது சோடியம் சல்பேட்டோ பெருமளவில் சேர்க்கப்படுகிறது. இந்த உப்பு சாயத்தைத் துணிக்குள் தள்ளுகிறதே தவிர, தான் துணியில் தங்குவதில்லை. போட்ட உப்பு ஏறத்தாழ முழுவதும் அலசும் நீரோடு வெளியே வந்துவிடுகிறது.

சாய நீரைச் சுத்தம் செய்யப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டன. சுண்ணாம்பும் அன்னபேதியும் சேர்த்து நிறத்தை அடியில் படிய வைத்தனர். பின்னர் நுண்ணுயிர்களைக் கொண்டு அழுக்கைக் குறைத்தனர். நிறம் குறைந்தது. பி.ஓ.டி. குறைந்தது. அந்தத் தொட்டிகள் எதற்காக வடிவமைக்கப்பட்டனவோ அந்த வேலையைச் செய்தன. ஆனால் நீரில் கரைந்த உப்பு குறையவில்லை. சுண்ணாம்பினாலோ நுண்ணுயிரினாலோ கரைந்த உப்பை அகற்ற முடியாது. சேர்த்த இரசாயனங்களால் உப்பு சற்றுக் கூடவும் செய்தது.

அந்த உப்பு நீர் ஆற்று வழியே அணைக்குச் சென்று தேங்கியது. அங்கிருந்து கசிந்து சுற்றுப்புறக் கிணறுகளுக்கும் பரவியது. பாசனத்திற்கென்று கட்டிய அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை ஏற்பட்டது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கம் தொடுத்த வழக்கில், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறையைச் சாயப்பட்டறைகள் மேற்கொள்ள வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஆணையிட்டது. அதனை நிறைவேற்றாத பட்டறைகளையும் நிலையங்களையும் மூடும்படி 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. பாலாற்றுப் படுகையின் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில், மாசு செய்தவரே அதனைச் சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இலேயே தீர்ப்பளித்திருந்தது.

அதன் பின்னர் நுண் சவ்வின் வழியே நீரை அழுத்தி உப்பைப் பிரித்து, எஞ்சிய உப்பு நீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கும் முறை வந்தது. நல்ல நீர் மீண்டும் பட்டறைக்கே செல்கிறது. உப்பின் ஒரு பகுதியும் மறுபடி பயன்படுகிறது. ஆயினும் இம்முறைக்கு மின்சாரமும் விறகும் மிகுதியாகச் செலவாகின்றன. பயன்படுத்த முடியாத கலப்பு உப்பை எங்கே வைப்பது என்ற சிக்கலும் உண்டு.

எட்டு மூட்டை உப்பு

உப்பைப் பற்றி விதி எதுவுமே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. கரைந்த உப்புகளின் மொத்த அளவு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த அளவாகும். சாய நீர் அதனையும் பல மடங்கு மீறியது. ஆனால் அந்த அளவுக்கு உட்பட்டிருந்தாலே போதுமா என்பதை ஒரு சிறு கணக்கின் மூலம் பார்ப்போம்.

ஓர் ஏக்கர் நிலத்தில் 5 சென்டிமீட்டர், அதாவது சுமார் 2 அங்குல உயரத்திற்கு ஒருமுறை நீர் பாய்ச்சினால் ஏறத்தாழ 2 இலட்சம் லிட்டர் செலவாகும். அந்த நீரில் லிட்டருக்கு 2 கிராம், அதாவது 2,000 மில்லிகிராம் உப்பு இருப்பதாகக் கொள்வோம். இது விதிக்கு உட்பட்ட அளவுதான். அப்படியானால் ஒரே பாய்ச்சலில் வயலில் சேரும் உப்பு 400 கிலோ. 50 கிலோ மூட்டையில் 8 மூட்டை! பத்துத் தண்ணீர் பாய்ச்சினால் 80 மூட்டை.

பயிர் நீரைக் குடிக்கிறது. வெயில் நீரை ஆவியாக்குகிறது. இரண்டுமே உப்பை மண்ணில் விட்டுவிடுகின்றன. நல்ல மழை பெய்து, வடிகாலும் இருந்தால் ஒரு பகுதி கீழே இறங்கும். ஆனால் இறங்கிய உப்பு உங்கள் கிணற்றுக்கோ பக்கத்துக் கிணற்றுக்கோதான் போகும். உப்பில் சோடியம் மிகுந்திருந்தால் களிமண் துகள்கள் பிரிந்து மண் இறுகிவிடும். நீர் உள்ளே இறங்காது. உழுதால் பாளம் பாளமாகப் பெயரும். வெங்காயம், அவரை போன்ற பயிர்கள் உப்பைச் சிறிதும் தாங்குவதில்லை. பருத்தி, கேழ்வரகு போன்றவை ஓரளவு தாங்கும்.

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் பாசன நீருக்கு வகுத்துள்ள வழிகாட்டியின்படி, கரைந்த உப்பு லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் தடையின்றிப் பாய்ச்சலாம். 450 முதல் 2,000 வரை எச்சரிக்கையுடன் பயன்படுத்த வேண்டும். 2,000-க்கு மேற்பட்டால் கடுமையான கட்டுப்பாடு தேவை. அதாவது, குழாயின் வாயில் "தேறிவிட்ட" நீர் வயலின் மடையில் தேறாமல் போகக்கூடும். இரண்டு படிப்புகளையும் சேர்த்துக் கற்றவர் இந்த வேறுபாட்டை வரைபடம் போடும்போதே கண்டுகொள்வார்.

கொல்கத்தாவில் ஒரு பொறியாளர்

இனி, இரண்டும் ஒருவரிடமே சேர்ந்ததால் விளைந்த நன்மைக்கு ஒரு சான்றைக் காண்போம்.

கொல்கத்தா நகரின் மேற்கே ஹூக்ளி நதி ஓடுகிறது. ஆனால் நிலத்தின் சரிவு கிழக்கு நோக்கி உள்ளது. எனவே நகரத்தின் சாக்கடை நீர் கால்வாய்கள் வழியே கிழக்கே செல்கிறது. 1980-களில் மேற்கு வங்க அரசில் பணியாற்றிய பொறியாளர் துருவஜோதி கோஷ், அந்த நீர் அங்கே என்னவாகிறது என்று அறியச் சென்றார். அவர் பொறியியலோடு சூழலியலையும் கற்று அதில் டாக்டர் பட்டமும் பெற்றவர்.

அங்கே அவர் பெரிய சுத்திகரிப்பு ஆலை எதையும் காணவில்லை. ஆழம் குறைந்த பெரிய பெரிய மீன் பண்ணைக் குளங்களைக் கண்டார். அவற்றை 'பேரி' என்று வங்காளத்தில் அழைக்கிறார்கள். மீனவர்களும் விவசாயிகளும் சாக்கடை நீரை அளவோடு குளத்தில் விடுகிறார்கள். சில நாட்கள் அப்படியே நிறுத்துகிறார்கள். வெயிலில் பாசி வளர்கிறது. பாசி வெளியிடும் பிராணவாயுவைக் கொண்டு நுண்ணுயிர்கள் அழுக்கை உண்கின்றன. பாசியையும் சிற்றுயிர்களையும் உண்டு ரோகு, கட்லா, மிர்கால் முதலிய மீன்கள் வளர்கின்றன. குளத்திலிருந்து வெளியேறும் தெளிந்த நீர் நெல் வயலுக்குப் பாய்கிறது. கரையோரத்தில் ஆகாயத்தாமரையை வளர்த்து, அலை கரையை அரிக்காமல் தடுக்கிறார்கள். நீரின் நிறத்தைப் பார்த்தே இன்னும் எவ்வளவு சாக்கடை நீர் விடலாம் என்று முடிவு செய்கிறார்கள்.

பொறியியல் கல்லூரிகளில் கற்பிக்கப்படும் நிலைப்படுத்தும் குட்டை என்ற முறையை, மோட்டார் இல்லாமல், மீன் வருமானத்துடன், எழுத்தறியாத உழைப்பாளிகளும் நடத்தி வந்தார்கள். பொறியியல் மட்டும் கற்ற ஒருவர் இதனை வெறும் சதுப்பு நிலம் என்று எண்ணி, மண்ணிட்டு நிரப்பி ஆலை கட்டத் திட்டம் தந்திருக்கலாம். சூழலியல் மட்டும் கற்ற ஒருவர் மீனையும் பறவையையும் பட்டியலிட்டதோடு நின்றிருக்கலாம். கோஷ் இரண்டையும் இணைத்துப் பார்த்தார். இந்த ஈரநிலம் ஒரு மாநகரத்தின் கழிவு நீரை இலவசமாகச் சுத்தம் செய்து தருகிறது என்று அரசுக்கும் உலகுக்கும் எடுத்துக் காட்டினார்.

1992-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் இந்த ஈரநிலத்தைக் காக்க ஆணையிட்டது. 2002-இல் சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள இப்பகுதி ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 1990-இல் ஐக்கிய நாடுகளின் 'குளோபல் 500' விருதைப் பெற்ற கோஷ் 2018-இல் காலமானார். நகர விரிவாக்கத்தின் நெருக்கடி அங்கே இன்றும் தீரவில்லை.

மறுபுறம், உயிரியல் பக்கமிருந்து பொறியியலுக்கு வந்தவர்களும் உண்டு. ஜெர்மனியில் கேத்தே சைடல் என்ற தாவரவியல் அம்மையார், கோரை இனப் பயிர்கள் கழிவு நீரைச் சுத்தம் செய்யும் என்று 1950-களில் ஆய்வு செய்து காட்டினார். அவ்வழியில் பின்னர் பொறியாளர்கள் சரளைக்கல் படுகை, நீரோட்டக் கணக்கு ஆகியவற்றைச் சேர்த்து 'அமைக்கப்பட்ட ஈரநிலம்' என்ற முறையை வளர்த்தனர். சரளைக் கல்லிலும் வேரிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கை உண்ண, பயிர் ஒரு பகுதிச் சத்தை எடுத்துக்கொள்கிறது. நம் ஊர்களில் சமையலறை, குளியலறைக் கழிவு நீருக்குக் கல்வாழையும் சம்பும் நட்டு அமைக்கும் படுகைகள் இவ்வகையைச் சேர்ந்தவையே.

கொல்கத்தா முறையைக் கேட்டதும் சாக்கடை நீரை நேரே வயலுக்குத் திருப்பிவிடலாம் என்று எண்ணிவிட வேண்டாம். அங்கே நீர் குளத்தில் தங்கும் நாட்களே பாதுகாப்பைத் தருகின்றன. சுத்தம் செய்யாத நீரில் கொக்கிப் புழு, உருண்டைப் புழு ஆகியவற்றின் முட்டைகள் இருக்கும். நீர் போதிய நாட்கள் தேங்கி நின்றால்தான் அவை அடியில் படியும். ஆலைக் கழிவு கலந்த நீரில் குரோமியம் போன்ற உலோகங்கள் இருந்தால் எந்தப் பாசியும் அவற்றை உண்டு அழிக்காது. அவை மண்ணிலேயே தங்கிவிடும்.

சேர்த்துப் படிப்பவர் கற்பவை

இவ்விரு துறைகளையும் சேர்த்துப் படிக்கும் மாணவர் கீழ்க்கண்டவற்றைக் கற்கிறார்.

1. கணிதமும் நீரியலும்: எவ்வளவு நீர், எவ்வளவு வேகம், எத்தனை நாள் தங்கல் என்ற கணக்குகள்.

2. வேதியியல்: நீரிலும் மண்ணிலும் உள்ள உப்பு, உலோகம், சத்துகளை அளக்கும் முறைகள்.

3. நுண்ணுயிரியல்: தொட்டியிலும் மண்ணிலும் வேலை செய்யும் உயிர்களின் தன்மைகள்.

4. உணவுச் சங்கிலி: ஒரு நஞ்சு பாசியிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து மனிதனுக்கும் எப்படிப் போகிறது என்பது.

5. சுழற்சி: தழைச்சத்தும் மணிச்சத்தும் வயலிலிருந்து ஊருக்கும், ஊரிலிருந்து மீண்டும் வயலுக்கும் திரும்பும் வழிகள்.

6. களப்பணி: ஆற்றங்கரையிலும் வயலிலும் மாதிரி எடுத்தல், அங்குள்ளோரிடம் கேட்டறிதல்.

இவற்றில் முதல் இரண்டு பொறியியல் மாணவருக்குப் பழக்கமானவை. பிற்பகுதி சூழலியல் மாணவருக்குப் பழக்கமானது. இரண்டையும் ஒரே மூளையில் ஏற்றுவது எளிதல்ல என்பதை மறைக்க வேண்டியதில்லை. கணக்கில் தேர்ந்தவர் வயலில் இறங்கத் தயங்குவார். வயலில் தேர்ந்தவர் கணக்கைக் கண்டு அஞ்சுவார். இங்கேதான் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. மடை திருப்பியும், எருக்குழி நிரப்பியும், கிணற்று நீர் கடுத்துப்போனதைச் சுவைத்தும் வளர்ந்த பிள்ளைக்குச் சூழலியலின் பாதி பாடம் வீட்டிலேயே முடிந்துவிட்டது. மீதிக்குக் கணக்கைக் கற்றால் போதும்.

எவ்வாறு படிக்கலாம்?

பிளஸ் ஒன் சேரும்போதே கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய நான்கும் சேர்ந்த பிரிவை எடுத்தால் இரு கதவுகளும் திறந்திருக்கும். உயிரியல் இல்லாவிட்டாலும் பொறியியல் படிக்கலாம். கணிதம் இல்லாவிட்டால் பொறியியல் கதவு பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

பொறியியல் வழியில் செல்வோர் சிவில் அல்லது கெமிக்கல் பொறியியலில் பி.இ. அல்லது பி.டெக். முடித்து, பின்னர் சுற்றுச்சூழல் பொறியியலில் எம்.இ. சேரலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் ஆய்வு மையம் இத்துறையில் பெயர் பெற்றது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் எரிசக்தி மற்றும் சுற்றுச்சூழல் பொறியியல் என்ற பி.டெக். படிப்பு நடத்தப்பட்டு வந்துள்ளது.

அறிவியல் வழியில் செல்வோர் பி.எஸ்சி. வேளாண்மையோ, தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல் போன்றவற்றில் ஒன்றோ படித்து, சுற்றுச்சூழல் அறிவியலில் எம்.எஸ்சி. சேரலாம். எந்த வழியில் சென்றாலும் மற்ற துறையின் பாடங்களில் இரண்டு மூன்றையாவது விருப்பப் பாடமாக எடுப்பதும், முதுநிலைப் பட்டத்தின் ஆய்வுக்கு ஆறு, ஏரி, வயல் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதும் நன்று.

சேர்க்கை விதிகளும் பாடப் பிரிவுகளும் அவ்வப்போது மாறும். அந்தந்த ஆண்டின் விவரக் குறிப்பேட்டை வாங்கிப் படித்த பிறகே முடிவு செய்யுங்கள். தனியார் கல்லூரியாயின் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அங்கீகாரம் உள்ளதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், குடிநீர் வடிகால் வாரியம், நகராட்சிகள், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள், சர்க்கரை, காகித, சாய ஆலைகள் ஆகியவற்றில் இப்படிப்புக்கு வேலை உண்டு. பட்டம் வாங்கியதும் வேலை தானே தேடி வரும் என்று சொல்வதற்கில்லை. ஆய்வகத்தில் தன் கையால் நீரைச் சோதிக்கவும், நிலையத்தை இயக்கவும் பழகியவருக்கே முதலில் வாய்ப்புக் கிடைக்கும்.

நீங்கள் கேட்க வேண்டியவை

உங்கள் வீட்டில் எவரும் இதனைப் படிக்காவிட்டாலும், சுத்திகரித்த நீர் உங்கள் ஊருக்கு வரும்போது கீழ்க்கண்டவற்றைக் கேட்டறியுங்கள்.

1. இது வீட்டுக் கழிவு நீர் மட்டுமா, ஆலைக் கழிவும் கலந்ததா?

2. பி.ஓ.டி. எவ்வளவு என்பதோடு நிற்காமல், டி.டி.எஸ். எவ்வளவு, சோடியம் எவ்வளவு என்றும் கேளுங்கள்.

3. நீர் குட்டையிலோ தொட்டியிலோ எத்தனை நாள் தங்கி வருகிறது? நுண்ணுயிர்ச் சோதனை செய்யப்பட்டதா?

4. மிஞ்சும் கசடை எங்கே கொட்டுகிறார்கள்?

நீர் வருவதற்கு முன்பே உங்கள் வயல் மண்ணையும் கிணற்று நீரையும் அருகிலுள்ள மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, மின் கடத்தும் திறன், கார அமில நிலை ஆகியவற்றைப் பரிசோதித்து அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஆண்டுதோறும் அதே பருவத்தில் மீண்டும் பரிசோதியுங்கள். மின் கடத்தும் திறன் ஏறிக்கொண்டே போனால் நீரை நிறுத்தி, வேளாண்மை அலுவலரிடம் தெரிவியுங்கள். பிற்காலத்தில் நட்டஈடு கேட்க நேர்ந்தால் முதல் சீட்டே உங்கள் சாட்சி. பச்சையாக உண்ணும் கீரை, காய்களுக்கு இந்நீரைப் பாய்ச்சாதீர்கள். நீர் கட்டும்போது காலில் செருப்போ பூட்சோ அணியுங்கள்.

நொய்யல் கரையில் உப்பு ஏறிய கிணறுகளும், கொல்கத்தாவின் மீன் குளங்களும் நமக்குக் கற்பிப்பது ஒன்றே. கட்டுமானத்தைக் கற்றவர் உயிரையும், உயிரைக் கற்றவர் கட்டுமானத்தையும் கற்க வேண்டும். உங்கள் மகனோ மகளோ இப்படிப்பைத் தேர்ந்தெடுத்தால் மனமுவந்து அனுப்புங்கள். விடுமுறைக்கு வரும்போது அவர்களை ஒருமுறை கடைமடை வரை அழைத்துச் சென்று காட்டுங்கள். நாளை அவர்கள் கட்டப்போகும் நிலையத்தின் நீர் வந்து சேருமிடம் அதுதான்.